காசநோய் இல்லையென்றால் வேறென்ன?

வாலாஜாபாத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு ஒரு தறி வீடு. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தறிச் சத்தம் விளக்கு வைத்த பிறகும் சிறிது நேரம் கேட்கும். அந்தச் சத்தத்தின் துணையோடுதான் முப்பது ஆண்டுகள் பாடக் குறிப்புகள் எழுதினேன், விடைத்தாள்கள் திருத்தினேன். கடந்த ஆண்டு ஐப்பசி மழையின்போது தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் இருமல் கேட்கத் தொடங்கியது.

அந்த நெசவாளருக்கு வயது 58. கோர்வைச் சேலை நெய்வதில் கைதேர்ந்தவர். என்னை 'சார்' என்பார். அவர் மனைவி எனக்குத் தங்கை முறை. மழைக்கால இருமல் என்று முதலில் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினார். கார்த்திகையில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினார். எக்ஸ்ரே எடுத்ததில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. ஆனாலும் நிழல் இருக்கிறது, இருமல் இருக்கிறது, எடை குறைந்திருக்கிறது. ஆகவே மார்கழியில் காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டது. இரண்டு மாதம் ஆயிற்று, இருமல் குறையவில்லை. "மருந்து வேலை செய்ய நாளாகும் சார், ஆறு மாசம் விடாமல் சாப்பிடணும்னு சொல்லியிருக்காங்க" என்றார். மருந்தை ஒருநாளும் தவறவிடவில்லை. வைகாசியில் சளியில் இரத்தம் வந்தது. ஆனியில்தான் சி.டி. ஸ்கேன், அதன்பின் ஊசி வழியே திசுப் பரிசோதனை. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை, எலும்புக்கும் பரவியிருந்தது.

அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா என்று புற்றுநோய் மருத்துவரிடம் நான்தான் கேட்டேன். இல்லை என்றார். கார்த்திகையிலேயே வந்திருந்தால் என்று அடுத்த கேள்வியைத் தொடங்கினேன். அவர் எக்ஸ்ரே படத்தைத் திருப்பி உறைக்குள் வைத்தார். அதற்கு விடை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றே பரவியிருக்கவும் கூடும். ஆனால் அந்த எட்டு மாதங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இதை ஒரு மருத்துவரின் குற்றமாக நான் எழுதவில்லை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் முதலில் என் கண்ணில் படுவது எண்ணிக்கைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 28 லட்சம் பேருக்குக் காசநோய் வருகிறது. உலகக் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவர் இந்தியர். நுரையீரல் புற்றுநோயோ, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 81 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது. முப்பத்தைந்துக்கு ஒன்று என்ற விகிதம். இருமலோடும் நிழலோடும் வருபவருக்குக் காசநோய் இருக்கும் என்று ஒரு மருத்துவர் எண்ணுவது அறியாமை ஆகாது. அனுபவம் அவருக்குக் கற்பித்த நிகழ்தகவு அது.

பிழை அந்த இடத்தில் நேரவில்லை. அதற்கடுத்த படியில்தான் நேர்கிறது. புதிய தகவல் வரும்போது பழைய நிகழ்தகவைத் திருத்த வேண்டும் என்பது தாமஸ் பேய்ஸ் என்ற 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரியாரின் தேற்றம். முதுகலை மாணவர்களுக்கு இதை விளக்க ஒவ்வோர் ஆண்டும் ஓர் உதாரணம் தேடுவேன். இப்போது தேடத் தேவையில்லை.

ஒரு பேச்சுக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய, இருமலும் நிழலும் உள்ள 100 பேரை எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள், கணக்கெடுப்பு அல்ல. அவர்களில் 70 பேருக்குக் காசநோய், 10 பேருக்குப் புற்று, 20 பேருக்கு நிமோனியா போன்ற பிற நோய்கள். சளிப் பரிசோதனை, காசநோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கண்டுபிடிக்கிறது என்று கொள்வோம். பரிசோதனையில் 'இல்லை' என்று வருபவர்கள் எத்தனை பேர்? தப்பிய காசநோயாளிகள் 21, புற்று 10, பிற 20, மொத்தம் 51. பத்தில் ஒன்றாக இருந்த புற்றின் வாய்ப்பு, அந்த ஒரு தாளில் 'இல்லை' என்று எழுதப்பட்டதுமே ஐந்தில் ஒன்றாகிவிட்டது. இவர்கள் அனைவருக்கும் இரண்டு மாதம் காசநோய் மருந்து கொடுக்கிறோம். காசநோயாளிகளில் 18 பேர் தேறுகிறார்கள். பிறரில் 13 பேருக்குத் தானாகவே குணமாகிறது. தேறாதவர்கள் 20 பேர். அவர்களில் 10 பேருக்குப் புற்று. இப்போது வாய்ப்பு இரண்டில் ஒன்று. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைப் போன்ற நிலையில், இன்னும் நான்கு மாதம் அதே மாத்திரையைத் தொடரச் சொல்கிறோம்.

எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் போக்கு மாறாது. முதல் நாளன்று காசநோய் என்று எண்ணியது நியாயம். பரிசோதனை முடிவு வந்த அன்று அந்த எண்ணம் பாதி தளர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் மாத முடிவில் அது கைவிடப்பட்டிருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோயாளிகளில் கணிசமானோர் முதலில் காசநோய் மருந்து உண்டவர்கள் என்று இந்திய மருத்துவ இதழ்களில் பல ஆண்டுகளாகக் கட்டுரைகள் வருகின்றன. மருத்துவ உலகுக்குத் தெரிந்த செய்திதான். திட்டங்களுக்குத்தான் இன்னும் எட்டவில்லை.

இந்த மாதங்கள் ஏன் இவ்வளவு விலை மதிப்புள்ளவை என்பதைப் புரிந்துகொள்ள, அறுவை சிகிச்சை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஜேம்ஸ் கில்மோர் என்ற மகப்பேறு மருத்துவரின் இடது நுரையீரலை ஒரே அமர்வில் முழுவதுமாக அகற்றினார். புற்றுநோய்க்காக அவ்வாறு செய்யப்பட்டு, நோயாளி பிழைத்த முதல் அறுவை அதுவே. கில்மோர் அதன்பின் 30 ஆண்டுகள், ஒற்றை நுரையீரலுடன், தம் தொழிலைச் செய்தபடி வாழ்ந்தார். அதுவரை மரண தண்டனையாகக் கருதப்பட்ட நோய்க்கு விடுதலை உண்டு என்று காட்டிய அறுவை அது.

கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிரஹாம் கடும் புகைப்பழக்கம் உள்ளவர். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் சொன்னபோது அவர் நம்பவில்லை. என்றாலும் ஆய்வு செய்ய இடம் கொடுத்தார். 684 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 1950-இல் வெளியானது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் அதே முடிவுக்கு வந்தனர். கிரஹாம் சிகரெட்டை விட்டார், காலம் கடந்திருந்தது. 1957-இல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அவரால் உயிர் பிழைத்த கில்மோர் அவருக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் இருந்தார்.

முழு நுரையீரலை எடுப்பது இன்று அரிது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. நோயுள்ள மடலை மட்டும் அகற்றுவதே பல காலமாக வழக்கம். அதைவிடச் சிறிதாக வெட்டினால் புற்று அதே இடத்தில் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது என்று 1995-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. கால் நூற்றாண்டு அதுவே வேதமாக இருந்தது. 2022-இல் ஜப்பானியர்கள் அதைத் திருத்தினார்கள். 70 மருத்துவமனைகளில் 1,106 நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு கட்டி என்றால் மடல் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, அதன் ஒரு பிரிவை எடுத்தாலே போதும் என்று நிறுவினார்கள். ஐந்தாண்டு கடந்து உயிருடன் இருந்தவர்கள் மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம், பிரிவு மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதம். அடுத்த ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வும் சிறு அறுவை சளைத்ததல்ல என்றது. விலா எலும்புகளை விரித்து மார்பைத் திறந்த காலம் போய், கேமராவின் துணையோடு சிறு துளைகள் வழியே அறுவை நடக்கிறது. சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

அறுவைக்குப் பின் தரும் மருந்திலும் முன்னேற்றம். குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள புற்றுகளுக்கு, அறுவைக்குப் பிறகு ஒசிமெர்ட்டினிப் மாத்திரையை மூன்றாண்டு கொடுத்தால், ஐந்தாண்டு உயிர் வாழ்வோர் 78 சதவீதத்திலிருந்து 88 ஆக உயர்வதாக 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. மேலை நாட்டினரைவிட இந்திய நோயாளிகளிடம் அந்த மரபணு மாற்றம் அதிகம். ஆகவே அது நமக்கு நேரடிப் பயனுள்ள செய்தி.

ஆனால் இத்தனைக்கும் ஒரு நுழைவுச்சீட்டு வேண்டும். நோய் மார்பைத் தாண்டியிருக்கக் கூடாது. முதல் நிலையின் தொடக்கத்தில் வருபவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். நான்காம் நிலையில் வருபவர்களில் பத்துப் பேர் தேறினால் அதிகம். இந்தியாவில், தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் தரவுப்படி, நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் நோய் தொலைவுறுப்புகளுக்குப் பரவிய பின்பே கண்டறியப்படுகிறார்கள். ஜப்பானில் இரண்டு சென்டிமீட்டர் கட்டிக்கு எவ்வளவு வெட்டுவது என்று ஆராய்கிறார்கள். நம் ஊரில் வெட்டும் நிலையிலேயே யாரும் வந்து சேர்வதில்லை. 2022-இல் நோய் கண்டவர் ஏறத்தாழ 81 ஆயிரம் என்றேன். அதே ஆண்டு அந்நோயால் இறந்தவர் ஏறத்தாழ 75 ஆயிரம். இவ்விரு எண்களின் நெருக்கத்துக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நமக்கு ஆற்றல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நுரையீரல் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. 1928-இல் டாக்டர் சவரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் நெஞ்சக அறுவை சிகிச்சைத் துறையை நிறுவினார். இந்தியாவில் அத்தகைய துறைகளுக்கு அது முன்னோடி. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் அமைந்தது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே.

அந்த மையம் செய்த முதல் பெரிய ஆய்வைப் பற்றி மாணவர்களிடம் நான் சொல்லாத ஆண்டில்லை. 193 ஏழை நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைச் சானடோரியத்தில் வைத்தும், மறு குழுவை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு எல்லாம் இருந்த சானடோரியக் குழுவுக்கும், நெரிசலான வீட்டில் அரைவயிற்றுடன் இருந்த குழுவுக்கும் பலனில் பெரிய வேறுபாடில்லை. 1959-இல் அம்முடிவு வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. நம் ஏழைகளைப் பற்றி, நம் ஊரில், நம் நிலைமைக்கேற்ற கேள்வியைக் கேட்டு, உலகுக்கு விடை சொன்ன ஆய்வு அது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதில் பங்குதாரர். சிகரெட்டையும் புற்றையும் இணைத்துக் காட்டிய ஹில் பணியாற்றியதும் அதே கழகத்தின் மரபில்தான்.

அத்தகைய ஒரு கேள்வி இப்போதும் நம்முன் நிற்கிறது. காசநோய் மலிந்த நாட்டில் நுரையீரல் புற்றை எப்படி முன்கூட்டிப் பிடிப்பது? இதற்கு அமெரிக்காவின் விடையை இரவல் வாங்க முடியாது. அங்கே 53 ஆயிரத்துக்கும் அதிகமான புகைப்பழக்கத்தினருக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்து, நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைந்ததாக 2011-இல் நிறுவினார்கள். ஆனால் அந்த ஆய்விலேயே, ஸ்கேனில் சந்தேகம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 96 பேருக்குப் புற்று இல்லை. பழைய காசநோயின் தழும்பு நுரையீரலெங்கும் இருக்கும் மக்களிடம் அதே ஸ்கேனை வரிசையாக எடுத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வு புகைப்பவர்களுக்கானது. நம் பெண் நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு பீடியைக்கூடக் கையால் தொடாதவர்கள். விறகடுப்புப் புகை அவர்களுடைய பங்கு.

எங்கள் வட்டாரத்துக்கு வேறொரு பங்கும் உண்டு. வாலாஜாபாத், உத்திரமேரூர் பகுதிகளில் கல் குவாரிகளும் கிரஷர்களும் ஏராளம். எம்-சாண்ட் ஏற்றிய லாரிகள் போகும் சாலையோர மரங்களின் இலை நிறம் பார்த்தாலே தெரியும். கல்லுடைக்கும்போது எழும் சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது; டீசல் புகையை 2012-இல் சேர்த்தது. குவாரியில் வேலை செய்பவரின் நுரையீரல் நோயும் முதலில் காசநோய் என்றே பெயர் பெறும். (எங்கள் நெசவாளர் குவாரிப் பக்கம் போனவரில்லை. அவருடைய பங்கு பீடி, பதினெட்டு வயதிலிருந்து.)

பீடி என்றதும் ஒரு வரிக் கணக்கு நினைவுக்கு வருகிறது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் ஒசிமெர்ட்டினிப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியை முற்றாக நீக்க முடிவெடுத்தது. நுரையீரல் புற்றுக்கான அலெக்டினிப்பும் அவற்றில் ஒன்று. வரவேற்கத்தக்க முடிவு. அதே கூட்டம் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கவும் முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களின் வாழ்வாதாரம் காரணமாகக் கூறப்படுகிறது. அந்தப் பெண்களின் கூலி நியாயமாக உயர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் வரிக்குறைப்பு அவர்கள் கூலியாக மாறும் என்று நம்ப என் பொருளாதாரம் இடங்கொடுக்கவில்லை. நோயின் தொடக்கப் புள்ளியில் விலையைக் குறைத்துவிட்டு, முடிவுப் புள்ளியிலும் விலையைக் குறைக்கிறோம். இடையில் இருக்கும் எட்டு மாதங்களுக்கு எந்த மன்றத்திலும் தீர்மானம் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் கடனிலிருந்து தப்பியிருக்கின்றன. எங்கள் நெசவாளரின் சிகிச்சையும் அதில்தான் நடக்கிறது. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தபிறகே அந்தக் கதவு திறக்கிறது. அதற்கு முந்தைய அலைச்சலின் பேருந்துக் கட்டணம், தனியார் ஆலோசனைக் கட்டணம், இவற்றைவிடப் பெரியதான இழந்த கூலி, இவை எந்தக் காப்பீட்டிலும் வராது. கோர்வை நெய்ய இருவர் வேண்டும். அவர் தறியில் உட்காராத நாளில் பக்கத்தில் அமரும் மகனுக்கும் வேலையில்லை. நெசவாளர் கூட்டுறவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவன் நான். ஒரு தறி நின்றால் எத்தனை வயிறு நிற்கும் என்று அட்டவணை போட்டவன். அந்த அட்டவணையில் இருமலுக்கு ஒரு பத்தி ஒதுக்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு விசித்திரம். காசநோயாளி என்று பதிவாகியிருந்த மாதங்களில் அவருக்கு மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவி மாதம் 1,000 ரூபாய் வந்தது. காசநோய் இல்லை, புற்றுநோய் என்று உறுதியானதும் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது, பணமும் நின்றது. விதிப்படி சரிதான். "இல்லாத நோய்க்குக் காசு கொடுத்தாங்க சார், இருக்கிற நோய்க்கு இல்லையாம்" என்று சிரித்தார்.

நான் கேட்பது புதுத் திட்டமல்ல. இருக்கும் திட்டத்தில் ஒரு தொடர்ச்சி. காசநோய் ஒழிப்புக்காக 2024 டிசம்பர் 7-இல் நூறு நாள் இயக்கம் தொடங்கியது முதல், கையடக்க எக்ஸ்ரே கருவிகள் கிராமங்களுக்குள்ளேயே வருகின்றன. முதியோர், புகைப்பவர், சர்க்கரை நோயாளிகள் என்று தேடித் தேடிப் படமெடுக்கிறார்கள். நுரையீரல் புற்றுக்கு ஆளாகக்கூடியவர்களும் ஏறத்தாழ இவர்களே. நிழல் தெரிந்து, சளியில் கிருமியும் இருந்தால் மருந்து, உதவித்தொகை, கண்காணிப்பு எல்லாம் கிடைக்கிறது. நிழல் இருக்கிறது, கிருமி இல்லை என்றால்? அந்த மனிதர் எந்தத் திட்டத்துக்கும் உரியவர் இல்லை.

அந்த மனிதருக்கு உரிமையாளர் ஒருவர் வேண்டும். 45 வயதுக்கு மேற்பட்டவர், எக்ஸ்ரேயில் நிழல், மரபணு முறைச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றால், இரண்டு வாரத்துக்குள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் என்பதை விதியாக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்கான செலவு சில நூறு ரூபாய். காசநோயாளிக்குத் தருவதுபோல் ஒரு மாத உதவித்தொகையை இவருக்கும் தந்தால் அன்றைய கூலி இழப்பைத் தாங்குவார். கிருமி உறுதியாகாமல் காசநோய் மருந்து தொடங்கியவர்களை இரண்டாம் மாத முடிவில் கட்டாயம் மறு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தேறாதவர்களுக்கு மாத்திரையைத் தொடர்வதற்கு முன் திசுப் பரிசோதனை. தனியார் மருத்துவர்களுக்கும் இது பொருந்த வேண்டும். காசநோயை அரசுக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

இதற்கு எழக்கூடிய ஓர் ஆட்சேபத்தை நானே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே மூலம் நுரையீரல் புற்றைத் தேடுவது பயனற்றது என்று 2011-இல் ஒன்றரை லட்சம் பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. உண்மை. நோயே இல்லாத ஒருவரைப் படமெடுத்துத் தேடச் சொல்லவில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் ஏற்கெனவே தெரிந்துவிட்ட நிழலைப் பாதியில் கைவிடாதீர்கள் என்கிறேன். இரண்டாவது ஆட்சேபம், ஸ்கேன் கருவிகளுக்கு முன்னால் வரிசை நீளும் என்பது. நீளும். எவ்வளவு நீளும், எத்தனை புற்று பிடிபடும், அவற்றில் எத்தனை அறுவைக்கு ஏற்ற நிலையில் இருக்கும் என்பதை ஓரிரு மாவட்டங்களில் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 1956-இல் சென்னையில் செய்தது அதைத்தானே? மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீடு வீடாகப் போகும் மாநிலத்துக்கு இது இயலாத காரியம் இல்லை. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கான பரிசோதனை மக்களிடம் போய்ச் சேர்கிறது. நான்காவதாக நுரையீரலைச் சேர்க்க, தனிப் பரிசோதனைகூட வேண்டாம், தொடர்ச்சி இருந்தால் போதும்.

பிடிபட்டவர்களை அறுவை செய்ய ஆள் வேண்டுமே என்பது நியாயமான கவலை. நம் மருத்துவக் கல்வியில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து ஒரே உயர் பட்டம். படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் இதயத்தின் பக்கம் போய்விடுகிறார்கள். வருமானமும் வாய்ப்பும் அங்கேதான். நுரையீரல் அறுவைக்கு நோயாளி வருவதில்லை என்பதால் நிபுணர் உருவாவதில்லை. நிபுணர் இல்லை என்பதால் நோயாளியை அனுப்புவதில்லை. தேவையும் அளிப்பும் ஒன்றையொன்று காத்துக்கொண்டு இரண்டுமே வராமல் போகும் சந்தையை நாங்கள் வகுப்பில் வரைபடமாகப் போடுவோம். அரசு ஒருபுறம் தள்ளினால்தான் அந்தச் சக்கரம் நகரும்.

தள்ளுவதற்கு எங்கள் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா 1968 செப்டம்பரில் உணவுக்குழாய்ப் புற்றுக்காக நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டார். திரும்பி வந்து சில மாதங்களில், 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். முதலமைச்சராக இருந்தவருக்கே நோய் முற்றிய பின்புதான் தெரிந்தது. அவர் பெயரில் காரப்பேட்டையில் எழுந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை இன்று விரிந்து வளர்ந்து வருகிறது. வாலாஜாபாத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சளியில் கிருமி இல்லாத நிழல்காரர்களை அங்கே அனுப்பிவைக்கும் ஒரு சீட்டுத்தான் இப்போது இல்லாதது.

போன மாதம் எங்கள் பகுதிக்கு ஒரு எக்ஸ்ரே முகாம் வந்தது. தெருவில் ஷாமியானா போட்டு, மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவில் ஒரு கருவி. ஐந்து நிமிடத்தில் படம், அதைப் படித்துச் சொல்ல ஒரு கணினி மென்பொருள். நெசவாளரின் மனைவியை நான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்; ஜரிகைக்குத் தார் சுற்றியும், விறகடுப்பில் சமைத்தும் கழிந்த நாற்பது ஆண்டு அவருக்கும் உண்டு. படம் தெளிவாக இருந்தது. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற முதியவருக்கு நிழல் இருந்தது. சளி கொடுக்கச் சொல்லி ஒரு டப்பாவை நீட்டினார்கள்.

சளியில் ஒன்றும் இல்லையென்று வந்தால் அவரை என்ன செய்வீர்கள் என்று அங்கிருந்த இளம் பணியாளரிடம் கேட்டேன். பதிவேட்டிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார். "டி.பி. இல்லைன்னு சொல்லி அனுப்பிடுவோம் சார்" என்றார்.

முதியவர் டப்பாவை வேட்டி மடிப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு நடந்தார்.